வெளிச்சுவரில் ஒரு கதவு

தட்டின் மூடியைத் தூக்கியதுமே குப்பென்று நாறியது. பதினோரு வருஷமாக இந்த லேபில் கிருமி வளர்க்கிறேன். சீ, இன்னும் பழகவில்லை.

கிருமி பரவிய தட்டில் மருந்து தோய்த்த ஆறு வில்லைகளை வைத்திருந்தேன். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, வட்டமாக இடம் காலியாகும். இதில் ஐந்து வில்லைகளின் விளிம்பு வரைக்கும் கிருமி வெள்ளையாக, வழவழவென்று மொய்த்துக் கிடந்தது. ஆறாவதைச் சுற்றி மட்டும் வட்டம். அது ஊசியில் ஏற்றுகிற மருந்து.

தட்டின் மேல் எழுதியிருந்த பெயர் எழில். இருபத்து மூன்று வயது, ஏழு மாதக் கர்ப்பம். நாலு நாளாகக் குளிர்ஜுரம். கிருமி அவளுடைய சிறுநீரில் இருந்தது.

அவளுடைய மாமியார் பச்சையம்மாள் வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில், பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுண்டல் விற்கிறவள். முந்தாநாள் மருமகளின் சிறுநீரைத் தேங்காயெண்ணெய் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வேங்கிக்காலில் இருக்கும் இந்த லேப் வரை பஸ்ஸில் வந்தாள். அந்த பாட்டிலை இரண்டு விரலால் பிடித்துக் குப்பையில் போட்டு, கத்தி, சுத்தமான டப்பா கொடுத்துத் திருப்பி அனுப்பி, அன்றைக்கே மறுபடி பிடித்து வரச் செய்தேன். இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இந்தக் கிருமியே அருவருப்பு. அதன் சாமர்த்தியம் அதைவிட அருவருப்பு. எம்.எஸ்ஸி. படித்தபோது இதைத்தான் விழுந்து விழுந்து படித்தேன்.

இதற்கு உள்ளே ஒரு சுவர், வெளியே ஒரு சுவர். வெளிச்சுவருக்குக் கதவு வேண்டுமென்றால் அதற்கான புரதத்தை உள்ளே செய்து அனுப்ப வேண்டும். அது நூல் மாதிரி உள்சுவரைத் தாண்டி வரும். நடுச்சந்தில் சிக்குப் பிடித்துவிடாமல் வேறு சில புரதங்கள் அதைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகும்.

வெளிச்சுவரில் ஐந்து பேர் கொண்ட புரதக் கூட்டம் ஒன்று தயாராக இருக்கும். அதில் பெரியவன் தன் விலாவைக் கொஞ்சம் திறந்து கொடுப்பான். அந்த இடுக்கில் நூல் இழை இழையாக மடிந்து, கூடை முடைகிற மாதிரி வளைந்து, பீப்பாயாகிச் சுவரிலேயே உட்கார்ந்துவிடும். அதுதான் கதவு. அங்கே வேலைக்கு எரிபொருள்கூடக் கிடையாது. எழவு, ஒரு நல்ல காரியத்துக்கு இப்படி ஒற்றுமையாக இருந்தால் கையெடுத்துக் கும்பிடலாம்.

நாம் விழுங்குகிற பல மருந்துகள் அந்தப் பீப்பாய் வழியாகத்தான் கிருமிக்குள் நுழைகின்றன.

முழு அளவு மருந்து போனால் கிருமி சாகும். அரைகுறையாகப் போனால், கதவைக் கம்மியாக வைத்திருக்கும் கிருமி பிழைத்துக்கொள்ளும். பிழைத்தது பெருகும். அப்புறம் மருந்து வெளியில் நின்று தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எழிலின் கிருமி செய்தது இந்த வித்தையா, வேறு வித்தையா என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அரைகுறை மருந்தில் தேறியது என்று மட்டும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"இன்னைக்கே பெரியாஸ்பத்திரில சேத்துடுங்க. மாத்திரை கேக்காது, ஊசிதான். லேட் பண்ணீங்கன்னா தாயும் தங்காது, புள்ளையும் தங்காது."

பச்சையம்மாள் பிளாஸ்டிக் கவரைத் துழாவி, போன மாதம் இதே லேபில் வாங்கிய ரிப்போர்ட்டை வெளியே எடுத்தாள். எண்ணெய்க் கறையோடு நாலாக மடித்திருந்தது.

"ஊசில்லாம் வேணாம்மா, வயித்துப் புள்ள சூடு தாங்காது. போன தபா நீ எழுதிக் குடுத்தியே, ரெண்டே நாள்ல ஜுரம் உட்டுச்சு. ராசியான கைம்மா ஒனக்கு. இன்னொன்னு எழுதேன்."

ரிப்போர்ட்டைப் பிரித்துப் பின்பக்கத்தைக் காட்டினாள். மாத்திரையின் பெயர். காலை அரை, இரவு அரை, மூன்று நாள். என் கையெழுத்து.

முழு மாத்திரை சூடு என்று அன்றைக்கும் இவள்தான் பயந்தாள். அரை போதும் என்று, டாக்டருக்குப் படிக்காத நான்தான் எழுதினேன். அத்தனையும் படித்திருந்தவள்தான் எழுதினேன். "டாக்டரம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னாள், அதில் மயங்கிப் போனேன். தூ, நானும் ஒரு பிறவி.

புது ரிப்போர்ட்டைத் திருப்பிப் போட்டு எழுதினேன். 'டாக்டருக்கு: போன மாதம் இவருக்குத் தப்பான அளவில் மாத்திரை எழுதிக் கொடுத்தது நான். உடனே அட்மிட் செய்யுங்கள்.' கீழே மாத்திரையின் பெயர், அளவு, என் பெயர் அருணாதேவி, லேபின் பெயர், செல் நம்பர். இதை ஒரு டாக்டர் படித்தால் நாளைக்கு எனக்கு இங்கே வேலை இருக்காது. எழுதாவிட்டால் பச்சையம்மாள் நேராக வீட்டுக்குப் போவாள்.

"இத வெளி மெடிக்கல்ல காட்டாதீங்க. பெரியாஸ்பத்திரி டாக்டர்கிட்ட காட்டுனாத்தான் மருந்து குடுப்பாங்க. எழிலையும் கூடவே கூட்டிட்டுப் போங்க, இப்பவே."

பச்சையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. தாளை இரண்டு கையாலும் வாங்கி, நான் எழுதிய பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எழுந்து வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"இது சாப்பாட்டுக்கு முன்னாடியாம்மா, பின்னாடியா?"