தகப்பன் பெயர்

ஜெபத்தை நடத்துகிற சின்யோர் ஸால்வோ ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசி வரிசையில் மகளோடு இருந்த புனிதமலருக்கு முன்னால் நின்றார்.

உங்களுடைய ஆட்களில் இறந்தவர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள், எங்களுடையவர்களோடு சேர்த்துச் சொல்லி வேண்டிக்கொள்கிறோம் என்று மெதுவாகச் சொன்னார்.

முன்னாலிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். வேற்றுச் சமயத்தவரின் பெயரைச் சொல்வது அங்கே வழக்கமில்லை. ஆனால் இத்தாலியின் பலெர்மோ நகரத்து யூதர்கள் எல்லாரும் வந்தாலும் அந்த ஜெபமண்டபத்தில் கதிரைகள் மிஞ்சும். சின்யோர் ஸால்வோ வழக்கத்தைவிட ஆட்களை யோசிக்கிறவர்.

புனிதமலர் முதலில் வந்தது வேலைக்காரியாகத்தான். சின்யோரா ரக்கேலேயைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, சனிக்கிழமை தவறாமல், பல வருடம். மாசியில் சின்யோரா இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த அடுத்த சனிக்கிழமை, புனிதமலர் தான் குடியிருந்த ஒரேத்தோவிலிருந்து தனியாக வந்தாள். யன்னல்களைத் திறந்தாள். கதிரைகளை அடுக்கினாள். ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு அவளிடமும் ஒன்றுமில்லை.

பிறகொரு நாள் மண்டபக் கதவின் திறப்பை அவளிடமே கொடுத்துவிட்டார்கள்.

இன்று அவர்களின் பெரிய உபவாச நாள். இறந்தவர்களை நினைக்கும் நாள். மகள் நிலக்ஷி தானும் வருகிறேன் என்று காலையில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒருக்காவெண்டாலும் அப்பாவுக்கு அழவேணும் அம்மா. எங்கை போய் அழுறது?"

யுத்தம் முடிந்த அன்று புனிதமலரின் கணவன் விக்னராஜாவை இராணுவம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனபோது நிலக்ஷி கைக்குழந்தை. பஸ் போனது மட்டும்தான் தெரியும். உடல் வரவில்லை, சாம்பல் வரவில்லை. திவசம் செய்யப் புனிதமலர் ஒருநாளும் சம்மதிக்கவில்லை. அவனைப் பெற்றவள் முல்லைத்தீவில் காணாமல்போனோரின் தாய்மாரோடு ஒரு தகரப்பந்தலுக்குள், மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே என் பிள்ளை என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்போது மண்டபத்தில் நிலக்ஷி தாயின் முகத்தையே பார்த்தாள்.

"விக்னராஜா" என்றாள் புனிதமலர்.

நிலக்ஷியின் விரல்கள் அவளுடைய கையை இறுக்கின.

சின்யோர் ஸால்வோ தகப்பன் பெயரைக் கேட்டார். இந்த நாளில் அவர்கள் எதையும் எழுதமாட்டார்கள். எல்லாவற்றையும் மனதில்தான் வைத்திருக்க வேண்டும்.

புனிதமலர் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"பவளராணி."

அவர் அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு முன்னுக்குப் போனார். அவருக்கு அது கொஞ்சம் நீளமான ஒரு பெயர், அவ்வளவுதான்.

பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. சின்யோரா ரக்கேலேயின் பெயரும் வந்தது. பிறகு சின்யோர் ஸால்வோ நாக்கு இடறி, நின்று, திருத்திக்கொண்டு, பவளராணியின் மகன் விக்னராஜா என்றார்.

நிலக்ஷி வாய்விட்டு அழுதாள். முன்வரிசைக் கிழவி ஒருத்தி எழுந்து வந்து, எதுவும் கேட்காமல், அவளைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். மண்டபம் அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தது.

புனிதமலர் அழவில்லை.

வெளியே வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. நிலக்ஷி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பப்பான்ர பேர் மார்க்கண்டு எல்லே? நீங்கள் ஏன் அப்பம்மான்ர பேரைச் சொன்னனீங்கள்?"

"வாய் தவறிப்போச்சு. வா, பஸ் வருது."

சின்யோரா ரக்கேலே படுக்கையில் கிடந்த மார்கழி, தை முழுவதும், சுகமாக வேண்டுமென்று சனிக்கிழமைதோறும் இந்த மண்டபத்தில் வேண்டிக்கொண்டார்கள்; சின்யோரா அனுப்ப, புனிதமலரும் வந்து கேட்டிருந்தாள். அப்போதெல்லாம் அவரை இன்னாரின் மகள் என்று தாயின் பெயரைச் சேர்த்துத்தான் சொன்னார்கள். உயிரோடிருக்கிறவர்களுக்கு அதுதான் முறை.

தகப்பன் பெயரைச் சேர்த்துச் சொல்லத் தொடங்கியது அடக்கத்துக்குப் பிறகு.