ஒன்றரை அங்குலம்

"போச்சு! எல்லாம் போச்சு!" ஸ்டீல் கிட்டாருக்கு அடியில் படுத்திருந்த லொரீனா அலறினாள். "நடு பெடல் கம்பி ரெண்டா உடைஞ்சுடுச்சு!"

கேட்கத்தான் ஆள் இல்லை. டெக்சாஸில் மாதா கோயில் திருவிழா நாளில், மதியம் பன்னிரண்டு மணிக்கு நடனக் கூடத்துக்குள் யார் இருப்பார்கள்? ஊரே பின்பக்கம் இறைச்சி அடுப்புப் புகையைச் சுற்றி நின்றது. கதவில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு நெட்டை மனிதர் மட்டும் உள்ளே வந்தார். நீலத் தொப்பி, சட்டைப்பையில் இடுக்கி.

"எப்படிம்மா ஆச்சு?"

"வண்டிக் கதவுல மாட்டி வளைஞ்சிருந்துச்சு. நிமிர்த்தப் போனேன், கையோட வந்துடுச்சு. நீங்க இந்தக் கூடத்துல வேலை பாக்கறவரா அண்ணே?"

"அதை விடு. முதல்ல கம்பியைக் காட்டு."

மேஜை மாதிரி நாலு காலில் நிற்கும் கிட்டார் அது. கீழே பெடலை மிதித்தால் கம்பி இழுக்கும், மேலே தந்தியின் சுருதி ஏறும். அதிலும் நடு பெடல் இல்லாமல் ஒரு பாட்டுக்கூட ஒப்பேறாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, அவ்வளவுதான்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல ராய்ஸ் சார் வந்துடுவாரு. அவர் பேண்டுல இருக்கறது ஒரே ஒரு இடம். ரெண்டு பேரைக் கூப்பிட்டிருக்காரு. எனக்கு இது நாலாவது தேர்வு அண்ணே. இதுவும் கிடைக்கலைன்னா கிட்டாரை வித்துட்டு முழுசாக் கோழிப்பண்ணை வேலைக்கே போயிடறேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

"வரப்போற இன்னொரு ஆள்கிட்ட ஒரு கம்பி கேட்டுப் பாரேன்."

"நல்லாக் கேட்டீங்க! என் கம்பி உடைஞ்சுதுன்னு தெரிஞ்சா அந்த மனுஷனுக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கும்!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"சரி, இருக்கிற பெடலை வெச்சு ஏதாவது வாசி. மத்த கம்பியெல்லாம் சரியா இழுக்குதான்னு பாக்கணும்."

லொரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாதா கோயிலில் வழக்கமாகப் பாடும் பாட்டு ஒன்றை மெதுவாக வாசித்தாள். நடு பெடல் வரும் இடத்தில் எல்லாம் இடது கையால் சறுக்கிச் சமாளித்தாள். அவர் கம்பியைப் பார்க்கவே இல்லை. காபி ஆறிப்போவது தெரியாமல் நின்றார்.

பாட்டு முடிந்தது. அவர் காபியை ஓரமாக வைத்தார்.

"இரு, வண்டியில ஒண்ணு இருக்கு" என்று போனார்.

போனவர் கால் மணி நேரமாக வரவில்லை. இவரும் கைவிட்டுவிட்டார் என்று லொரீனா உட்கார்ந்து விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தபோது, கையெல்லாம் கிரீஸோடு வந்தார். ஒரு கையில் பளபளவென்று கம்பி, இன்னொரு கையில் ரம்பமும் சுத்தியலும்.

லொரீனா கம்பியை வாங்கி வைத்துப் பார்த்தாள். "ஐயோ, ஒன்றரை அங்குலம் நீளமா இருக்கே!"

"அறுத்தாப் போச்சு."

"நல்ல கம்பியாச்சே அண்ணே. யாருக்காவது வேணும்னா?"

"அறுத்தா ஒட்டவா முடியும்? அளவை மட்டும் சரியாப் பிடிச்சுக்க."

ரம்பத்தைக் கம்பிமேல் வைத்தவர் ஒரு நிமிடம் அப்படியே இருந்தார். பிறகு மளமளவென்று அறுத்தார். முனையை இடுக்கியால் பிடித்து, சுத்தியலால் நாலு தட்டு தட்டிக் கொக்கியாக வளைத்தார். அடியில் படுத்து மாட்டினார்.

"மிதி."

மிதித்தாள். சுருதி பாதியிலேயே நின்றது.

"கொஞ்சம் இரு." கீழே மரையைத் திருகினார். "இப்ப மிதி."

சுருதி ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக நின்றது. லொரீனாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க நல்லா இருக்கணும் அண்ணே! ஊர் பேர் தெரியாதவளுக்குத் தெய்வம் மாதிரி வந்து செஞ்சிருக்கீங்க. இதுக்கு நான் என்ன கைமாறு செய்வேன்?"

"வாசி, போதும்" என்று கையைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார்.

ராய்ஸ் வந்தார். டிரம் வாசிக்கும் அர்னால்டும் வந்தான். லொரீனா மூன்று பாட்டு வாசித்தாள். மூன்றாவது பாட்டுக்கு, அடுப்படியில் நின்றவர்கள் தட்டோடு உள்ளே வந்து ஜோடி ஜோடியாக ஆடத் தொடங்கிவிட்டார்கள். ராய்ஸ் அசந்துபோனார்.

"பிரமாதம்மா! ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? இன்னொருத்தரையும் கேட்டுட்டுச் சொல்றேன். அர்னால்டு, எங்கேடா அந்த ஆளு?"

"அவன் அப்பவே போயிட்டாண்ணே."

"போயிட்டானா? லப்பக்லேருந்து ஏழு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வர்றேன்னான்!"

"வந்தான். நெட்டையா, நீலத் தொப்பி போட்டுக்கிட்டு. அவன் கிட்டார்ல நடு பெடலுக்குக் கம்பி இல்லையாம். மன்னிச்சுக்கச் சொல்லிட்டுக் கிளம்பிட்டான்."

"கம்பி இல்லாம எவனாவது தேர்வுக்கு வருவானா? பொறுப்பில்லாத பய!" ராய்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். "சரிம்மா, இடம் உனக்குத்தான். கையைக் கொடு."

லொரீனாவால் கை கொடுக்க முடியவில்லை. கிட்டாருக்கு அடியில் குனிந்து, அந்தக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.