ஒரு சொட்டு அயடின்

கனடாவில், இக்னேசியசின் ஸ்காபரோ கடைக் கண்ணாடியில் பெரிய எழுத்தில் இருந்தது: 'அசல் காட்டு மருந்துக் காளான் பொடி. வடக்குக் காட்டில் கையால் வெட்டியது.'

உண்மையில் அது மிசிசாகாவில் ஒரு வீட்டு நிலவறையில், அரிசிப் பைகளில் வளர்ந்தது. காட்டு மரத்தில் விளைந்த காளான் கசக்கும். அந்தக் கசப்புக்குத்தான் விலை. அரிசியில் விளைந்தது சப்பென்றிருக்கும். அதனாலென்ன, ஒரு பிடி வேப்பம்பொடி கலந்தால் நாக்கு நம்பிவிடும்.

அயடின்தான் நம்பாது. அரிசியின் மாச்சத்து பொடியில் இருந்தால் ஒரே சொட்டில் நீலமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை தானே சொட்டு விட்டு அந்த நீலத்தைப் பார்த்தவர், குப்பியை மேசைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தார்.

அன்று வந்த இளைஞனின் கழுத்தில் அடையாள அட்டை, கையில் சின்னப் பெட்டி. உணவுப் பரிசோதகன்தான், சந்தேகமில்லை. பிடிபட்டால் கடைக்குப் பூட்டு.

"நான் யூட்சன். அங்கிள், உது றியலி காட்டிலை வெட்டினதோ? ஃபார்ம் இல்லையோ?"

"ஃபார்மோ! ஆரைப் பாத்து என்ன கேக்கிறீர் தம்பி? நாக்கிலை வைச்சுப் பாரும்."

யூட்சன் முகத்தைச் சுளித்தான். "ஓம், சரியான கசப்பு. எந்தக் காடு?"

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டுமே. இக்னேசியஸ் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். போன கோடையில் பிக்னிக் போனபோது எடுத்தது. பின்னால் காட்டுப் பார்க்கின் பெயர்ப்பலகை. முன்னால், வத்தகப்பழம் வெட்டிய கத்தியோடு அவர்.

"உந்தக் காடுதான். இந்தக் கையாலைதான் வெட்டினனான்."

"ஷுவரா?"

"அந்தோனியாராணை!"

உள்ளறையில் அவர் மனைவி மரியம்மா அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

யூட்சன் பெட்டியைத் திறந்தான். உள்ளே அயடின் இல்லை. இக்னேசியசுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இருந்தது தண்டச்சீட்டுப் புத்தகம்.

"தாங்க்ஸ் அங்கிள். நான் பார்க் ஒஃபிசர். அங்கை காளான் வெட்டுறது குற்றம். ஒரு மரத்திலையும் மிச்சம் வைக்காமல் வெட்டின ஆளைத்தான் கனநாளாத் தேடுறம். கோட்டுக்கு வரவேணும்."

இக்னேசியஸ் மேசைக்கு அடியில் பாய்ந்து குப்பியை எடுத்தார்.

"தம்பி, கொஞ்சம் பொறும்! ஒரு சொட்டு விட்டுப் பாரும்... அந்தோனியாராணை, நீலமாகும்!"