பெருச்சாளியின் மனவருத்தம்

பெருச்சாளியிடம் அணில் நூறு நிலக்கடலை கடன் வாங்கியிருந்தது. பாக்கி நிற்கும் ஒவ்வொரு பத்துக்கும் மாதம் ஒரு கடலை வட்டி. மாதாமாதம் பத்துக் கடலையை வட்டியாகவே கொட்டிக் கொடுத்ததில், அணிலின் பிள்ளைகளுக்கு வெறும் தொலிதான் மிஞ்சியது.

இந்த மாதம் நல்ல அறுவடை. வட்டியோடு இன்னும் ஐம்பது கடலையை இழுத்து வந்து வளை வாசலில் குவித்தது அணில்.

பெருச்சாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "எதுக்குப்பா இந்த அவசரம்? நானென்ன கழுத்துல துண்டைப் போட்டா கேட்டேன்? மெதுவாக் குடேன்."

"இருக்கட்டும் அண்ணே."

"சரி, உன் ஆசையை ஏன் கெடுக்கணும்? அடுத்த அஞ்சு மாச வட்டின்னு வச்சுக்கறேன்."

"வட்டியில வேண்டாண்ணே, அசல்ல கழிச்சுக்கோங்க. பாக்கி ஐம்பதுதானே? இனி மாசம் அஞ்சு தந்தாப் போதும்."

பெருச்சாளியின் மீசை துடித்தது. அண்ணன் தம்பியாகப் பழகியதற்கு இதுதானா மரியாதை?

சாயங்காலம் காகம் வந்தது. ஏழு வருடமாக வட்டியை மட்டுமே கட்டிவரும் காகம். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பெருச்சாளி புலம்பியது:

"நீ ஒருத்தன்தான்டா மனுஷன். காலம் ரொம்பக் கெட்டுப்போச்சு. வாங்கின கடனைத் திருப்பிக் குடுக்கறானுங்க!"