மத்தியானப் பர்மிஷன்

"பர்மிஷன் குடுத்துட்டீங்களாமே சார்! நல்லா இருப்பீங்க."

செம்மண்டலத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய மேனேஜர் தேவசகாயம் அப்படியே நின்றுவிட்டார். கூட வந்த ஆபீஸ் கிளார்க் சுவாதி அவர் முகத்தைப் பார்த்தாள்.

கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள் அமராவதி. மாடிப்படியில் விழுந்ததிலிருந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லை. அவளுக்குக் கை, கால் எல்லாமே கணவன் அருள்முருகன்தான்.

ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும். மத்தியானம் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய் அவளைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வருகிறேன் என்று மேனேஜரிடம் நடையாய் நடந்தான் அருள்முருகன். நேற்றும் கேட்டான்.

"எல்லார் வீட்டுலயுந்தான் சீக்காளி இருக்காங்க. மொதல்ல காலையில லேட்டில்லாம வந்து சேருய்யா" என்று விரட்டிவிட்டார். கல் நெஞ்சுக்காரர் என்று ஆபீஸே சொல்லும், அதில் பொய்யில்லை.

இன்று எப்படியோ அந்தக் கல் கரைந்துவிட்டது. வீட்டில் படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற ஊழியர்கள் யாராயிருந்தாலும் மத்தியானம் ஒரு மணி நேரம் போய்வரலாம் என்று முற்பகலில்தான் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

"உனக்கு யாரும்மா சொன்னா?" தேவசகாயம் கட்டிலை நெருங்கினார்.

"அவருதான். ஒரு மணிக்கு வந்தாரே! மூஞ்சத் தொடச்சிவுட்டு, இந்தப் பக்கம் திருப்பிப் போட்டாரு. 'சார் ஆர்டர் போட்டுட்டாரு அமரா, இனிமே தெனமும் வருவேன்'னாரு. வண்டிச் சத்தமே கேக்கல, நடந்தே வந்தாரு போலருக்கு."

சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை. "கைதான் சார் ஐஸ் மாதிரி ஜில்லுனு இருந்துச்சு. ஏ.சி. ஜாஸ்தியா வச்சிருக்கீங்களா?"

தேவசகாயத்தின் கையில் அருள்முருகனின் சாப்பாட்டுப் பை இருந்தது. ஒரு காது அறுந்து தொங்கிய அந்தப் பையை நீட்டவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் தவித்தார்.

அமராவதி அதைப் பார்த்துவிட்டாள். "அவரு பைய நீங்க ஏன் சார் தூக்கிட்டு வந்தீங்க? வேலையவுட்டு எடுத்துட்டீங்களா? எனக்காகத்தான் சார் அவரு லேட்டா வர்றாரு. இந்த ஒரு தடவ மன்னிச்சிடுங்க..."

"ஐயோ, அதில்லம்மா..."

தேவசகாயம் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சுவாதி அவர் பக்கத்தில் குனிந்து, கட்டிலுக்குக் கேட்காமல் கிசுகிசுத்தாள்.

"சார்... அவரு காலையிலயே லாரில அடிபட்டு செத்துட்டாரே!"