நாற்பத்திரண்டு கைகள்

ராஜம்மா டீச்சர் நீட்டிய புளிச்சோற்று டப்பாவை வஹீதுன்னிசா ஏறிட்டும் பார்க்கவில்லை.

“இன்னா வஹீதா, காலைலருந்து மூஞ்சத் திருப்பிகினு கீறே?”

“கூட இருந்தே குழி பறிக்கிறவங்க சோறு எனக்கு வாணாம்.”

ஆசிரியர் அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ராஜம்மா டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

காலையில்தான் தலைமையாசிரியை ஒரு மொட்டைக் கடுதாசியை வஹீதுன்னிசாவிடம் காட்டியிருந்தார். கோணல் எழுத்தில் இரண்டே வரி. ‘ஆறாம் வகுப்பில் தமிழ் டீச்சர் வீடியோ கேம் ஆட விடுகிறார். அதையும் எல்லாருக்கும் தருவதில்லை.’

“நாளைலருந்து அந்தப் பொட்டி ஸ்கூலுக்குள்ள வரக் கூடாது” என்றார் தலைமையாசிரியை.

மகள் ஜரினாவுக்காக அவள் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டி அது. ஜரினாவும் அதே ஆறாம் வகுப்புதான்; அவளையும் சேர்த்து நாற்பத்திரண்டு பேர். சொல்வகை தலையில் ஏறாத அந்தப் பிள்ளைகளுக்காக அதைப் பழைய துப்பட்டாவில் மூட்டை கட்டி, மேனாம்பேட்டு வீட்டிலிருந்து தினமும் சுமந்து வந்தாள் வஹீதுன்னிசா.

பள்ளிக்கூட டி.வி.யில் பொம்மை தாவும்.

“இன்னா பண்றான்?”

“தாவுறான்! வினைச்சொல்!”

“எதைத் தாவுறான்?”

“செவுரு! பெயர்ச்சொல்!”

சரியாகச் சொன்ன கைக்கு ஜாய்ஸ்டிக் போகும். கேள்வி கேட்டாலே அழுதுவிடும் துலுக்கானம்கூடப் போன வாரம் கத்திப் பதில் சொன்னான். பதினோரு வருஷத்தில், தானும் நல்ல டீச்சர்தான் என்று வஹீதுன்னிசாவுக்கே தோன்றியது இந்த ஒரு மாதம்தான்.

அதை வெளியிலிருந்து பார்த்தவள் ராஜம்மா ஒருத்திதான். ஜன்னலோரம் நின்று, “உம் பொண்ணும் கையத் தூக்கிகினே கீதே, பாரேன்” என்றாள். “டீச்சர் பொண்ணுக்குக் குடுத்தா ஊரு பேசும்” என்று இவள் சிரித்தாள். வேவு பார்க்க வந்தவளிடமா சிரித்தோம் என்று இப்போது மனசு கூசியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூட்டையைக் கட்டில்மேல் வைத்ததும் அழுகை வந்துவிட்டது. ஜரினா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“அழாதம்மா.”

“ஒரே டப்பால பதினோரு வருஷம் சாப்ட்டோம்டி. உங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? இனிமே அந்த ராஜம்மா மூஞ்சில முழிக்க மாட்டேன்.”

ஜரினா துப்பட்டா முடிச்சை நகத்தால் நெருடி நெருடி அவிழ்த்தாள். பெட்டியை எடுத்துத் தங்கள் வீட்டு டி.வி.யில் வயரைச் செருகினாள்.

“ராஜம்மா டீச்சர் எழுதலம்மா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் பொம்மை வந்து நின்றது. ஜரினா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“நாப்பத்தோரு பேரும் ஆடிட்டாங்கம்மா, இப்ப என் முறை.”