மஞ்சள் துப்பட்டா

பாம்பு கடித்த கதையை ஞானசேகர் சொல்லத் தொடங்கினால் நடுவில் யாரும் எழுந்து போக மாட்டார்கள். மலையேற்றக் குழுவின் கூட்டத்தில் இன்றும் நாற்பது பேர் வாய் பிளந்து கேட்டார்கள். மலைப்பாதையில் மனைவி வான்மதியின் கணுக்காலில் பாம்பு கொத்தியதும், அவளுடைய மஞ்சள் துப்பட்டாவையே உருவி முழங்காலுக்குக் கீழே இறுக்கியதும், ஐந்து மணி நேரம் அதைத் தளர்த்தவே விடாததும்தான் கதை.

"கால் போச்சு, உயிர் தங்குச்சு. நான் கட்டலைன்னா இவ இங்க உக்காந்திருக்க மாட்டா."

கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் வான்மதி எப்போதும்போல் சிரித்துவைத்தாள். கால் எடுத்த மறுநாள், அவன் காபி வாங்கப் போயிருந்தபோது, டாக்டரம்மா அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்: "கடிச்சது விஷமில்லாத பாம்பும்மா. விஷப்பாம்பா இருந்தாலும் இறுக்கிக் கட்டக் கூடாது. காலை அசைக்காம தூக்கிட்டு வந்திருந்தா போதும். கட்டுதான் காலைக் கொண்டுபோச்சு."

அன்று அவன் அழுத அழுகையைப் பார்த்து அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. பிறகு அவன் கதை சொல்லத் தொடங்கிவிட்டான்.

ஞானசேகர் பையிலிருந்து அதே துப்பட்டாவை எடுத்து உதறினான். முன்வரிசையில் செல்போன்கள் உயர்ந்தன. சட்டையில் குத்திய மைக்கோடு அவள்முன் மண்டியிட்டான்.

"நல்ல காலை நீட்டு மதி. எப்படிக் கட்டணும்னு எல்லாரும் பாத்துக்கட்டும்."

வான்மதி சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, செயற்கைக் காலை நீட்டினாள்.

"இதுல கட்டுங்க. இதுக்கு ஒண்ணும் ஆகாது."